கடைசி பெஞ்சுக்கு ஒரு வரலாறு

நம் வகுப்பு குரூப் போட்டோ உங்கள் வீட்டுப் பரணில் எங்காவது இருக்கும். எடுத்துத் தூசி தட்டிப் பாருங்கள். கீழே பொடி எழுத்தில் 'நிற்பவர்கள், இடமிருந்து வலம்', 'அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்' என்று எல்லோர் பெயரும் இருக்கும். முதல்வர் பெயர் பட்டங்களோடு இருக்கும். வராதவன் பெயர்கூட 'படத்தில் இல்லாதவர்' என்று இருக்கும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு "யாரும் அசையாதீங்கப்பா!" என்று நம்மையெல்லாம் அதட்டினாரே, அந்தப் போட்டோக்காரர் பெயர் மட்டும் இருக்காது.

மலர்க் குழு நண்பர்கள் போன வாரம் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்கள். "நீ ஏதாவது எழுதணும். ஆனா ஹாஸ்டல் சாம்பார் பத்தி மட்டும் வேண்டாம். அதுல ஏற்கெனவே ஏழு கட்டுரை வந்தாச்சு" என்றார்கள். சரி, சாம்பாரை விட்டுவிட்டேன். பிரிட்டனில் குழந்தைகளுக்காக வந்த சிரிப்புப் படக்கதைப் பத்திரிகைகளின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்கிறேன். கல்லூரி மலரில் இது எதற்கு என்று கேட்பவர்கள் கடைசிப் பக்கம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது.

பெரியவர்கள் சிரித்த காலம்

காமிக்ஸ் என்றாலே சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நாம் நினைக்கிறோம். பிரிட்டனில் அது அப்படித் தொடங்கவில்லை. 1867-இல் 'ஜூடி' என்ற நகைச்சுவை வார இதழில் ஆலி ஸ்லோப்பர் என்றொரு ஆசாமி வந்து சேர்ந்தான். வீங்கிய மூக்கு, நசுங்கிய தொப்பி. வாடகை கேட்டு வருபவரைக் கண்டால் சந்துக்குள் மறைந்து ஓடுவான். சம்பளத்துக்கும் செலவுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு விழித்த ஜனங்களுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. 1884-இல் அவன் பெயரிலேயே 'ஆலி ஸ்லோப்பர்ஸ் ஹாஃப் ஹாலிடே' என்ற வார இதழ் வந்தது. சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து வீடு திரும்பும் தொழிலாளிக்கான பத்திரிகை அது.

இந்த ஸ்லோப்பரை உருவாக்கியவர் சார்லஸ் ராஸ் என்பார்கள். ஆனால் 'ஜூடி'யில் வந்த ஸ்லோப்பர் படங்களில் பெரும்பகுதியை வரைந்தவர் அவருடைய துணைவியார். மேரி டுவால் என்ற புனைபெயரில் வரைந்த அவருடைய சொந்தப் பெயர் இசபெல் எமிலி டி டெஸியர். நெடுங்காலம் அந்த அம்மாவின் பெயரை யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஆராய்ச்சியாளர்கள் பின்னால் வந்து தோண்டி எடுத்தார்கள். நான் சொல்ல வந்த கதை இங்கேயே ஆரம்பமாகிவிட்டது பாருங்கள்.

1890-இல் ஆல்ஃபிரட் ஹார்ம்ஸ்வொர்த் என்ற கெட்டிக்கார முதலாளி 'காமிக் கட்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார். விலை அரை பென்னி. மற்றவர்கள் ஒரு பென்னிக்கு விற்றதைப் பாதி விலைக்குக் கொடுத்தார். பின்னாலேயே 'இல்லஸ்ட்ரேட்டட் சிப்ஸ்' வந்தது. அதில் 1896-இல் டாம் பிரவுன் வரைந்த வியரி வில்லி, டயர்ட் டிம் என்ற இரண்டு நாடோடிகள் (ஒருவன் ஒல்லி, ஒருவன் குண்டன்) நாடு முழுக்கப் பிரபலமானார்கள். ஒல்லியும் குண்டுமாக இருவரை ஜோடி சேர்த்துச் சிரிக்கவைப்பது சினிமாவுக்கு முன்னாலேயே காமிக்ஸில் வந்துவிட்டது! அதே 1896-இல் ஹார்ம்ஸ்வொர்த் 'டெய்லி மெயில்' நாளிதழைத் தொடங்கிப் பெரிய பத்திரிகை ராஜாவானார்.

அப்பா வாங்கிவந்து படித்துவிட்டுத் தூக்கிப் போட்டதைப் பிள்ளைகள் எடுத்துப் படித்தார்கள். இதைக் கவனித்த முதலாளிகள் மெதுவாகப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்கள். 1914-இல் வந்த 'ரெயின்போ' முழுக்க முழுக்கச் சிறு குழந்தைகளுக்கு. அதன் நாயகன் டைகர் டிம் என்ற புலிக்குட்டி. ஆனால் இந்த இதழ்களில் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் நாலைந்து வரி கதை எழுதியிருக்கும். படம் ஒரு பக்கம், பாடம் ஒரு பக்கம் என்கிற மாதிரி. பிள்ளைகள் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுத்தைத் தாண்டிப் போயிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

சணல் நகரத்துச் சிரிப்பு

இந்தப் பழக்கத்தை மாற்றியது லண்டன் அல்ல. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் டண்டீ என்றொரு நகரம். அந்த ஊரைப் பற்றி மூன்று வார்த்தை சொல்வார்கள்: சணல், ஜாம், பத்திரிகை. சணல் நம் நாட்டுச் சரக்கு. வங்காளத்தில் விளைந்து கப்பல் கப்பலாக டண்டீக்குப் போய், திமிங்கில எண்ணெயில் பதப்பட்டுச் சாக்காகவும் கோணியாகவும் ஆனது. பத்திரிகை என்பது டி.சி. தாம்சன் நிறுவனம். கட்டுப்பெட்டியான, கண்டிப்பான குடும்ப நிறுவனம். 1926 பொது வேலைநிறுத்தத்துக்குப் பிறகு தொழிற்சங்கத்தில் இருப்பவர்களை அது வேலைக்கு எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டது. இப்படி விறைப்பாக இருந்த இடத்திலிருந்துதான் நாட்டின் மிகக் குறும்பான பத்திரிகைகள் வந்தன என்பது ஒரு வேடிக்கை.

1937 டிசம்பர் 4 தேதியிட்ட முதல் 'டேண்டி' இதழ் வந்தது. விலை 2 பென்ஸ். தகரத்தில் செய்த ஊதல் ஒன்று இலவசம். அடுத்த ஆண்டு, 1938 ஜூலை 30 தேதியிட்டு 'பீனோ' வந்தது. அதற்கு இலவசம் ஒரு முகமூடி. பீனோ என்றால் அந்த ஊர்ப் பேச்சில் விருந்து, கும்மாளம் என்று பொருள். டேண்டிக்கு ஆல்பர்ட் பார்ன்ஸ் ஆசிரியர், பீனோவுக்கு ஜார்ஜ் மூனி ஆசிரியர். இரண்டு பேருமே இளைஞர்கள்.

இவர்கள் செய்த பெரிய காரியம், படத்துக்குக் கீழே இருந்த பாடத்தைப் பெரும்பாலான சிரிப்புக் கதைகளிலிருந்து எடுத்துவிட்டு, பேச்சைப் பாத்திரங்களின் வாயிலிருந்தே பலூனாகக் கிளம்பவிட்டதுதான். கண் நேரே படத்துக்குள் போனது. ஓட்டம் வந்தது. டேண்டியில் டெஸ்பரேட் டான் என்ற முரட்டு மாமிச மலை. மாட்டுக் கொம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இறைச்சிப் பணியாரத்தை அப்படியே விழுங்குவான். பீனோவில் லார்ட் ஸ்நூட்டி என்ற பிரபு வீட்டுப் பையன். ஏழைப் பிள்ளைகளோடு தெருவில் விளையாட மாளிகையிலிருந்து நழுவி ஓடிவருவான். இரண்டையும் வரைந்தது ஒரே கை, டட்லி வாட்கின்ஸ். 1925-இலேயே அந்த நிறுவனத்தில் சேர்ந்தவர் அவர்.

1939-இல் யுத்தம் வந்தது. காகிதப் பஞ்சம். 1941 முதல் இரண்டு இதழ்களும் ஒரு வாரம் டேண்டி, ஒரு வாரம் பீனோ என்று மாறி மாறி வந்தன. அந்த முறை 1949 வரை நீடித்தது. டேண்டியில் ஹிட்லரையும் கோரிங்கையும் பசியால் அலையும் இரண்டு கோமாளிகளாக்கி வாராவாரம் நையப்புடைத்தார்கள். படித்து முடித்த இதழ்களை யுத்தத்துக்காகப் பழைய காகிதம் சேகரித்தவர்களிடம் பிள்ளைகள் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் முதல் இதழ்கள் இன்று அபூர்வம். 2004-இல் முதல் டேண்டி ஒன்று, ஊதலோடு சேர்த்து, ஏலத்தில் 20 ஆயிரம் பவுண்டுக்கு மேல் போயிற்று. இரண்டு பென்ஸ் சரக்கு!

யுத்தம் முடிந்து காகிதம் தாராளமானதும் விற்பனை எகிறியது. 1950-இல் பீனோ வாரத்துக்குக் கிட்டத்தட்ட 20 லட்சம் பிரதிகள் விற்றது. ஒரு பிரதியை வீட்டில் இரண்டு பேர், பள்ளியில் நாலு பேர் படித்திருப்பார்கள் என்றால், அந்த நாட்டில் பீனோ படிக்காத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

குறும்பன் வந்தான்

1951 மார்ச்சில் பீனோவில் டென்னிஸ் தி மெனஸ் வந்தான். ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து உதவி ஆசிரியர் இயன் சிஸம் சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் கிறுக்கிக் காட்டிய முகம் அது என்பார்கள். வரைந்தவர் டேவிட் லா. அதே வாரம் அமெரிக்கப் பத்திரிகைகளிலும் ஹாங்க் கெட்சம் வரைந்த இன்னொரு டென்னிஸ் தி மெனஸ் பிறந்தான். ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்ததல்ல, வெறும் தற்செயல்! அமெரிக்க டென்னிஸ் வெகுளி, அவனையறியாமல் வம்பில் மாட்டுவான். பிரிட்டிஷ் டென்னிஸ் அப்படியில்லை. தெரிந்தே, திட்டம் போட்டே வம்பு செய்வான்.

டேவிட் லாவின் அந்த டென்னிஸைப் பார்த்து, லங்காஷயரில் ஒரு வாலிபர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெயர் லியோ பாக்ஸெண்டேல். பிறந்தது 1930-இல். விமானப் படையில் கட்டாயச் சேவை முடித்து, பத்திரிகைகளுக்குச் சில்லறைப் படங்கள் வரைந்துகொண்டிருந்தவர். 'இந்த மாதிரி வரையலாம் என்றால், இதைவிடவும் வரையலாமே' என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். 1952-இல் பீனோவுக்கு வரைய ஆரம்பித்தார். 1953 அக்டோபரில் லிட்டில் பிளம், டிசம்பரில் மின்னி தி மிங்க்ஸ். மின்னி ஒரு பெண் குழந்தை. ஆனால் தெருவில் உள்ள அத்தனை பையன்களையும் அடித்துத் துவைக்கும் புயல். 1953-இல் பெண் பிள்ளையை இப்படிக் காட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை.

அடுத்துத்தான் நம்ம ஆட்கள் வருகிறார்கள். 1954 பிப்ரவரியில் 'வென் தி பெல் ரிங்ஸ்' என்ற பெயரில் ஒரு படக்கதை தொடங்கியது. 1956-இல் அதற்கு 'பாஷ் ஸ்ட்ரீட் கிட்ஸ்' என்று பெயர் மாறியது. ஒரே பெரிய படம். பள்ளி மணி அடிக்கிறது, கதவு பிய்த்துக்கொண்டு பிள்ளைகள் வெடித்து வெளியே வருகிறார்கள். ஒருவன் குழாயில் தொங்குகிறான், ஒருவன் வாளியில் விழுகிறான், மூலையில் ஒரு பூனை தன் வேலையாக ஏதோ செய்துகொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு கூத்து. கொஞ்ச நாளில் கதை வகுப்பறைக்குள் வந்தது. தலைவன் டேனி. எதைச் சொன்னாலும் அரை மணி கழித்துப் புரிந்துகொள்ளும் ஸ்மிஃபி. பல்லும் காதுமாக இருந்தாலும் தன்னைப் பேரழகன் என்று நம்பும் பிளக். கழுத்துப் பனியனுக்குள் மூக்கு வரை புதைந்திருக்கும் வில்ஃபிரட். கண்ணாடி போட்டும் கண் தெரியாத எர்பர்ட். மீசையும் சதுரத் தொப்பியுமாக அவர்களோடு போராடித் தோற்கும் வாத்தியார்.

இது யார் வகுப்பு என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நம்ம கடைசி பெஞ்சேதான்! சொல்லப்போனால் பாஷ் ஸ்ட்ரீட் பள்ளியில் முதல் பெஞ்ச் என்பதே கிடையாது. வகுப்பு முழுக்கக் கடைசி பெஞ்ச். அந்த வாத்தியாருக்குப் பெயரும் கிடையாது. பிள்ளைகள் எல்லாருக்கும் பெயர் உண்டு. அவர் வெறும் 'டீச்சர்'தான்.

இரண்டு கதைகள்

இந்த வகுப்பு எங்கிருந்து வந்தது? இதற்கு இரண்டு பதில் உண்டு. டண்டீயில் நிறுவனத்தின் அலுவலக ஜன்னலைத் திறந்தால் எதிரே ஹை ஸ்கூல் ஆஃப் டண்டீயின் விளையாட்டு மைதானம் தெரியும். மணி அடித்ததும் பிள்ளைகள் கொட்டும் காட்சியைப் பார்த்துத்தான் யோசனை பிறந்தது என்பது நிறுவனத்தின் கதை. பாக்ஸெண்டேல் சொன்ன கதை வேறு. 1953 ஜனவரியில் கைல்ஸ் என்ற புகழ்பெற்ற கார்ட்டூனிஸ்ட் வரைந்த ஒரு படத்தைப் பார்த்தாராம். பள்ளியிலிருந்து பிள்ளைகள் பொங்கி வழியும் படம் அது. உடனே தானும் ஒரு படம் வரைந்து, 'பாஷ் ஸ்ட்ரீட் பள்ளிப் பிள்ளைகள்' என்று பெயர் வைத்து, பிரெஸ்டனில் இருந்த தன் வீட்டிலிருந்து டண்டீக்குத் தபாலில் அனுப்பினார். அங்கிருந்து வந்த பதிலில் சுரத்தில்லை. லிட்டில் பிளமும் மின்னியும் உருவான பிறகு, 1953 அக்டோபரில் ஆசிரியர் ஜார்ஜ் மூனியே பிரெஸ்டனுக்கு வந்து 'அதை வரையுங்கள்' என்றார். இது பாக்ஸெண்டேலின் வாக்குமூலம்.

எது சரி? என் கணக்கில் இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். ஆனால் இது ஜன்னலா, தபாலா என்கிற விடுகதை மட்டும் இல்லை. ஜன்னலில் பிறந்தது என்றால் அது ஆபீசின் சொத்து. தபாலில் வந்தது என்றால் அனுப்பியவனின் பிள்ளை. இவ்வளவும் அதில் அடங்கியிருக்கிறது.

அந்த நாளில் ஏற்பாடு இப்படி. ஓவியர் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொள்வார். அதோடு எல்லா உரிமையும் நிறுவனத்துக்குப் போய்விடும். மூலப் படமும் திரும்பி வராது, நிறுவனத்தின் அலமாரிக்குப் போகும். ஆண்டு மலரில் மறுபடி அச்சிட்டாலும் பொம்மை செய்து விற்றாலும் ஓவியருக்குப் பங்கு கிடையாது. பக்கத்தின் மூலையில் கையெழுத்துப் போடவும் கூடாது. இதற்கு விதிவிலக்கு டட்லி வாட்கின்ஸ். 1946 முதல் அவருக்குக் கையெழுத்திட அனுமதி கிடைத்தது. அவர் 1969-இல் தன் வரைபலகையிலேயே, வேலை பாதியில் நிற்க, உயிர் துறந்தார்.

மற்றவர்கள் வாராவாரம் பத்து, பதினைந்து லட்சம் பிள்ளைகளைச் சிரிக்கவைத்துவிட்டுப் பெயர் இல்லாமல் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு டென்னிஸைத் தெரியும், டேவிட் லாவைத் தெரியாது. ரோஜர் தி டாட்ஜரைத் தெரியும், அவனை வரைந்த கென் ரீடைத் தெரியாது. இதில் வேடிக்கை என்னவென்றால் பாக்ஸெண்டேலைத் தூண்டிய கைல்ஸ், நாளிதழில் தன் படத்துக்குக் கீழே தன் பெயரைப் போட்டுக்கொண்டவர். பெரியவர்களுக்கு வரைந்தால் பெயர் உண்டு, பிள்ளைகளுக்கு வரைந்தால் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலையோ முதுகை ஒடிக்கும் வேலை. பாஷ் ஸ்ட்ரீட் போன்ற ஒரு பக்கத்தில் ஒரு வாரத்துக்கு எத்தனை முகம், எத்தனை கை கால், எத்தனை குட்டி ஜோக் என்று எண்ணிப் பாருங்கள். அதோடு மின்னி, லிட்டில் பிளம், 1959 முதல் மூன்று கரடிகள். தபால் வண்டி காத்திருக்காது. வாராவாரம் போகவேண்டும். பத்து வருஷத்தில் பாக்ஸெண்டேல் தேய்ந்துபோனார். 1962-இல் உடம்பும் மனசும் ஒத்துழைக்காமல் பீனோவை விட்டு விலகினார். 1964-இல் ஓதம்ஸ் நிறுவனத்துக்காக 'வாம்!' என்ற புது இதழைத் தொடங்கிவைத்தார். கென் ரீடும் அங்கே வந்து சேர்ந்தார். 1975-இல் பாக்ஸெண்டேல் வார இதழ் உலகத்தையே விட்டு ஒதுங்கிவிட்டார்.

ஏழு வருஷ வழக்கு

1980-இல் பாக்ஸெண்டேல் டி.சி. தாம்சன் மீது வழக்குப் போட்டார். தான் உருவாக்கிய பாத்திரங்களின் மீது தனக்கு உள்ள உரிமைக்காக. ஒரு பக்கம் நாட்டின் பெரிய பத்திரிகை நிறுவனம். மறு பக்கம் ஒற்றை ஆள், ஐம்பது வயது, கையில் ஒரு பேனா. 'உனக்கு இது தேவையா?' என்று நம்மில் பலர் கேட்டிருப்போம். ஏழு வருஷம் இழுத்தது. 1987-இல், தீர்ப்புக்குப் போகாமல், நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. அதில் கிடைத்த பணத்தில் சொந்தமாகப் பதிப்பகம் ஒன்று தொடங்கித் தன் புத்தகங்களைத் தானே வெளியிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று நடந்தது. இன்று எந்தக் கலைக்களஞ்சியத்தைத் திறந்தாலும் பாஷ் ஸ்ட்ரீட் கிட்ஸ் என்றால் பக்கத்தில் லியோ பாக்ஸெண்டேல் என்று இருக்கிறது.

நிறுவனத்தின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. காமிக்ஸ் என்பது ஒருவர் செய்யும் வேலை இல்லை. கதை யோசிப்பவர் ஒருவர், எழுத்து எழுதுபவர் ஒருவர், 'இது பிள்ளைகளுக்குப் புரியாது, மாத்து' என்று சொல்லும் ஆசிரியர் ஒருவர். மூனி பிரெஸ்டனுக்கு ரயிலேறாமல் இருந்திருந்தால் அந்தப் படம் ஏதோ ஒரு மேஜை இழுப்பறையில் கிடந்து மக்கியிருக்கும். பாக்ஸெண்டேல் போன பிறகும் வகுப்பு நடந்தது. டேவிட் சதர்லாந்து என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1962-இல் அந்தப் பேனாவை எடுத்தார். அறுபது வருஷம் கீழே வைக்கவில்லை! 2023 புத்தாண்டுப் பட்டியலில் அவருக்கு அரசு விருது அறிவிக்கப்பட்டது. அதே ஜனவரியில், 89 வயதில், விருது கைக்கு வருமுன் காலமானார். அந்தப் பிள்ளைகளை அதிகமாக வரைந்த கை அவருடையது. அவர் பெயரும் நெடுங்காலம் பக்கத்தில் இல்லை.

பிரம்பும் செருப்பும்

பழசெல்லாம் பொன் என்று நான் சொல்லவரவில்லை. அந்த நாள் கதைகள் பெரும்பாலும் அடியில்தான் முடியும். கடைசிக் கட்டத்தில் டென்னிஸின் அப்பா செருப்பைத் தூக்குவார். பாஷ் ஸ்ட்ரீட் வாத்தியார் பிரம்பைத் தூக்குவார். அடி வாங்கினால் கணக்கு நேராகிவிட்டது, அடுத்த வாரம் புதுக் கணக்கு. பிரிட்டனில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிரம்படியைத் தடுத்து 1986-இல் சட்டம் வந்தது, 1987 முதல் அமலானது. காமிக்ஸிலும் செருப்பும் பிரம்பும் மறைந்தன. பீனோவின் தலைப்பிலேயே ஆரம்ப காலத்தில் ஒரு கறுப்பினச் சிறுவனைக் கேலியாக வரைந்து வைத்திருந்தார்கள். லிட்டில் பிளம் செவ்விந்தியச் சிறுவனை வைத்துச் செய்த தமாஷ். இன்று அவற்றைப் பார்த்தால் நமக்கே முகம் சுளிக்கும். 2021-இல் பாஷ் ஸ்ட்ரீட்டின் ஃபேட்டி, அதாவது குண்டன், தன் சொந்தப் பெயரான ஃப்ரெடி ஆனான். 'இதெல்லாம் ரொம்ப ஓவர்' என்று அங்கே சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் பட்டப்பெயரால் மட்டுமே அறியப்பட்ட ஒரு பையனுக்கு அறுபது வருஷத்துக்கும் மேல் கழித்துப் பெயர் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். நம்ம வகுப்பில் 'குண்டு' என்று நாம் கூப்பிட்டவனின் முழுப் பெயர் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

டேண்டி, வாரத்துக்கு 20 லட்சம் விற்ற அந்த டேண்டி, கடைசியில் 8 ஆயிரத்துக்கும் கீழே இறங்கி, 2012 டிசம்பர் 4-ஆம் தேதி, தன் 75-ஆவது பிறந்த நாளன்று அச்சை நிறுத்திக்கொண்டது. பீனோ இன்னும் வருகிறது. 2019-இல் 4000-ஆவது இதழ் கண்டது. டண்டீ நகரத்தில் டெஸ்பரேட் டானுக்கும் மின்னிக்கும் வெண்கலச் சிலை நிற்கிறது. 2014-இல் அந்த ஊரில் ஒரு தெருவுக்கு 'பாஷ் ஸ்ட்ரீட்' என்றே பெயர் வைத்தார்கள். பாக்ஸெண்டேல் அதைக் கேள்விப்படும் வரை இருந்தார். 2017 ஏப்ரலில், 86 வயதில் மறைந்தார்.

கடைசிப் பக்கம்

இனி நான் சொல்வதாகச் சொன்ன காரணம்.

நம் ஹாஸ்டலில் 1974-இல் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம், நினைவிருக்கிறதா? மாதம் ஒரு பிரதி. வாசிப்பறை மேஜையில் வைத்தால் சாயங்காலத்துக்குள் முனை மடங்கிப்போகும். அதில் எல்லோரும் முதலில் புரட்டியது கட்டுரையை அல்ல, கவிதையை அல்ல (கவிதை எழுதியவர்கள் மன்னிக்கவும்). நடுப்பக்கப் படத்தைத்தான். மெஸ் வாசலில் மணி அடித்ததும் நம் பட்டாளம் பாயும் காட்சி. ஒருவன் தட்டைத் தலையில் கவிழ்த்திருப்பான், ஒருவன் தூண் வழியாகச் சறுக்குவான், வார்டன் சார் கதவுக்குப் பின்னால் சப்பையாகி ஒட்டியிருப்பார். மூர் மார்க்கெட்டில் நாலணாவுக்கு வாங்கிய, அட்டை போன பீனோ ஆண்டு மலர் ஒன்றைப் பார்த்துப் பார்த்து நம் வகுப்புத் தோழன் ஒருவன் கற்றுக்கொண்டு வரைந்த படங்கள் அவை. ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்த பிறகு, வராந்தா வெளிச்சத்தில், தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு வரைவான்.

அந்தப் பத்திரிகைக்கு நான் ஆசிரியர். முதல் பக்கத்தில் என் பெயர் கொட்டை எழுத்தில், வண்ண மசியில் இருக்கும். படத்துக்குக் கீழே பெயர் போடவில்லை. வார்டன் சார் கண்ணில் பட்டால் அவனுக்கு ஆபத்து என்று அப்போது காரணம் சொன்னேன். உண்மைதான். ஆனால் ஆண்டு விழாவில் முதல்வர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, "படங்கள் பிரமாதம்" என்று சொல்லிப் பரிசாக ஒரு பேனாவைக் கொடுத்தபோது அந்த ஆபத்து நீங்கித்தான் இருந்தது. 'வரைந்தது நான் இல்லை, சார்' என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிவந்தேன். அவன் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினான். அதைப் பற்றி அவன் ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு நாள் உறுத்தியிருக்காது.

பாக்ஸெண்டேல் ஏழு வருஷம் எதற்காக வழக்காடினார் என்று படித்தபோது அந்தப் பேனாதான் ஞாபகம் வந்தது. பணமும் ஒரு காரணம்தான். ஆனால் ஒருவன் பெற்ற சிரிப்பை அவன் கணக்கில் வரவு வைக்கவேண்டும், இல்லாவிட்டால் அது எவ்வளவு நாள் ஆனாலும் கடன்தான்.

அந்தப் பத்திரிகையில் மூன்று இதழ்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. சந்திப்பு நாளன்று கொண்டுவருகிறேன். அந்தப் பேனாவும் கூடவே வரும். மசி உறைந்துபோயிற்று. கழுவிப் புது மசி ஊற்றி வைத்திருக்கிறேன். நண்பா, நீ கட்டாயம் வரவேண்டும். நடுப்பக்கத்தின் வலது மூலையில், நாம் காலியாக விட்ட இடத்தில், உன் கையெழுத்தைப் போடவேண்டும். மற்ற நண்பர்கள் எல்லோரும் சாட்சிக்கு நிற்கவேண்டும். கடைசி பெஞ்சுக்காரர்கள் முதல் வரிசையில் நிற்கலாம்.

அன்று ஒரு குரூப் போட்டோவும் எடுப்போம். இந்த முறை போட்டோக்காரர் பெயரையும் கீழே போடுவோம்.